ஜன்னலில் பிடித்த சிலந்தி

தம்பிக்கு,

நீ அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. மூன்றுமே மேலிருந்து எடுத்தவை. ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "என்ன சிலந்தி இது, வளர்க்கலாமா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். எனக்கு ஒரு வரியில் சொல்லத் தெரியவில்லை.

குதிக்கும் சிலந்திதான், அதில் சந்தேகமில்லை. தலைப்பக்கம் சின்னப் பெட்டி மாதிரி சதுரமாக இருக்கிறது, கால்கள் கட்டையாக இருக்கின்றன. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் முகத்துக்கு நேரே பார். முன்வரிசையில் நாலு கண்கள், அதில் நடுவில் இருக்கும் இரண்டும் வண்டி விளக்குபோல் பெரிதாக இருக்க வேண்டும். மீதி நாலும் தலையின் இரு ஓரங்களில் பின்னே தள்ளி இருக்கும். ஓநாய்ச் சிலந்தியும் வலையில் காத்திருக்காமல் ஓடி வேட்டையாடும் ஜாதிதான். ஆனால் அதற்குக் கீழ்வரிசையில் நாலு பொடிக் கண்கள், பெரிய கண்கள் அதற்கு மேலே.

பழுப்பு உடம்பு, முதுகின் நடுவே வெளிர்ப் பட்டை, பின்பக்கம் இரண்டு வெள்ளைப் புள்ளி. வெப்பமான நாடுகளில் வீட்டுச் சுவர்களில் திரியும் பிளெக்சிப்பஸ் பேகுல்லி என்ற இனத்தின் பெண்ணாக இருக்கலாம். "இருக்கலாம்" என்பதற்கு மேல் நான் போகமாட்டேன். குதிக்கும் சிலந்திக் குடும்பத்தில் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. பலவற்றை, வளர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்க முடியும். குஞ்சாக இருந்தால் படத்தை வைத்துப் பெயர் சொல்வது பெரும்பாலும் குருட்டாம்போக்குதான்.

பெயர் கிடக்கட்டும். உனக்கு முதலில் தெரிய வேண்டியது அதன் வயசு. முகத்துக்கு முன்னால் குட்டிக் கைபோல் இரண்டு உணர்கைகள் இருக்கும். அவற்றின் நுனி குத்துச்சண்டை உறை போட்டதுபோல் பருத்திருந்தால் அது வளர்ந்த ஆண். அதன் ஆயுளில் பெரும்பகுதி முடிந்திருக்கும், மிச்சம் இருப்பதைப் பெண் தேடித் திரியவே வைத்திருக்கும். அதை விட்டுவிடு. பெரிய பெண்ணாக இருந்தால், வெளியிலேயே இணை சேர்ந்து வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் கூட்டுக்குள் முட்டை இருக்கும், அப்புறம் கடுகு கடுகாகக் குஞ்சுகள். அத்தனைக்கும் தீனி போட உனக்கு நேரம் ஏது? உணர்கை மெலிந்த, சின்ன உருவமாக இருந்தால் வைத்துக்கொள். இவற்றின் மொத்த ஆயுளே ஓரிரண்டு வருஷம்தான், அதையும் மனசில் வை.

வீடு பெரிதாக வேண்டாம். உயரமான கண்ணாடி ஜாடி போதும், ஆனால் தலைகீழாகக் கவிழ்த்து வை, மூடி கீழே வரட்டும். அது எப்போதும் உச்சியில்தான் வெள்ளைப் பட்டுத் துணிபோல் கூடு கட்டும். மூடி மேலே இருந்தால் நீ திறக்கும்போதெல்லாம் கூடு கிழியும். காற்றுக்குத் துளை வேண்டும், அதன் தலை நுழையாத அளவில். நேர் வெயிலில் வைத்தால் ஜாடி அடுப்பாகிவிடும். தண்ணீர்க் கிண்ணம் தேவையில்லை, ஒரு பக்கச் சுவரில் மட்டும் லேசாகத் தெளித்தால் துளியில் வாய் வைத்துக் குடிக்கும். கூட்டின்மேல் தெளித்துவிடாதே.

தீனி உயிரோடு அசைய வேண்டும், அதன் உடம்பைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சின்னதுக்குப் பழ ஈ, வளர்ந்ததுக்கு வீட்டு ஈ. பூச்சிமருந்து அடித்த இடத்தில் பிடித்ததைப் போடவே போடாதே. எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கேட்பாய். நாளை எண்ணாதே, வயிற்றைப் பார். உருண்டிருந்தால் காத்திரு, சுருங்கியிருந்தால் போடு.

ஈயைப் போட்ட பிறகு எழுந்து போய்விடாதே. அது முதலில் உடம்பைத் திருப்பி ஈயை நேருக்கு நேர் பார்க்கும். பெரிய கண்களை உற்றுக் கவனி: உன்னைப் பார்க்கும்போது கன்னங்கரேலென்று இருப்பது, வேறு பக்கம் பார்க்கும்போது பழுப்பாகத் தெளியும். கண் வெளியே அசையாது, உள்ளே இருக்கும் குழாய்தான் திரும்புகிறது. பிறகு பூனைபோல் பதுங்கிப் பதுங்கி நகரும், நின்ற இடத்தில் நூலை ஒட்டும், பாயும். வெட்டுக்கிளிக்கு இருப்பதுபோல் பெருத்த தொடை இதற்கு இல்லை. உடம்பிலுள்ள திரவத்தின் அழுத்தத்தைத் திடீரெனக் கூட்டிப் பின்கால்களை நீட்டுகிறது, அவ்வளவுதான். குறி தப்பினால் நூலில் தொங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல் ஏறி வரும். அது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். நீ மூன்றாவது படிக்கும்போது நாம் டப்பாவில் வைத்திருந்தோமே, அது ஓடிப்போய்விட்டது என்று உன்னிடம் சொன்னேன். ஓடவில்லை. பத்து நாளாகக் கூட்டுக்குள் அடைந்து கிடந்தது, போட்ட ஈயைத் தொடவில்லை. செத்துவிட்டதோ என்று குச்சியால் கூட்டைப் பிரித்தேன். உள்ளே சட்டை உரித்துக்கொண்டிருந்தது. உடம்பு வெளுத்து மெழுகுபோல் இருந்தது, இரண்டு கால்கள் இன்னும் பழைய தோலுக்குள்ளேயே. மறுநாள் அசைவில்லை. நீ ரெண்டு நாள் ஜன்னலோரமாகத் தேடிக்கொண்டிருந்தாய், எனக்கு வாய் வரவில்லை.

உன்னுடையதும் கூட்டைத் தடிமனாக்கி உள்ளே போய்த் தீனியை மறுத்தால், உயிருள்ள ஈ எதையும் உள்ளே விட்டுவைக்காதே. சுவரில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருக்கட்டும். இரண்டு வாரம் ஆனாலும் குச்சியை எடுக்காதே.

கையில் ஏற்றிக்கொள்ளலாமா என்று அடுத்துக் கேட்பாய். தரையில் உட்கார்ந்துகொண்டு, அதுவாக வந்தால் ஏற விடு. நசுக்கினாலொழியக் கடிக்காது, கடித்தாலும் பொதுவாகச் சின்னச் சுருக்கென்ற வலியோடு போய்விடும்.

முகத்துக்கு நேரே ஒரு படம் எடுத்து அனுப்பு, உணர்கையின் நுனி தெரியும்படி. போனைப் பக்கத்தில் கொண்டுபோனால் அதுவே திரும்பிப் பார்க்கும், கூப்பிட வேண்டியதில்லை.

அம்மா