உங்கட பேப்பர்தான் என்ர காரின்ர ஓட்டையைப் பிடிச்சுத் தந்தது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட பேப்பரை இருபது வருசத்துக்கு மேல வாசிக்கிறன், ஆனா கடிதம் எழுதுறது இதுதான் முதல் தரம், அதுவும் அரசியலைப் பற்றியோ ரோட்டைப் பற்றியோ இல்லை, காருக்குள்ள தண்ணி வாறதைப் பற்றி. சிரிக்காதேங்கோ. இதில உங்கட பேப்பருக்கும் ஒரு பங்கு இருக்கு, கடிதம் முடியேக்க விளங்கும்.

என்னட்ட இருக்கிறது 1997 ஆம் ஆண்டுக் கொரோலா, 110 எண்டு சொல்லுற மொடல். 2020 பங்குனியில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதோட பழைய காருகளுக்கெல்லாம் யானை விலை குதிரை விலை ஏறிட்டுது, 2025 மாசியில திறந்து விட்டும் புதுசின்ர விலையைக் கேட்டா தலை சுத்துது, அதால இருக்கிறதை உக்க விடாமக் காப்பாத்துறதுதான் எங்களுக்கு வழி. யுத்த காலத்துப் பொருளாதாரத் தடைக்குள்ள ரெண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி ஸ்ராட் பண்ணிப்போட்டு மண்ணெண்ணையில கார் ஓடின சனம் நாங்கள், ஒரு ஓட்டைக்குப் பயப்பிடுவமோ எண்டுதான் நானும் நினைச்சன்.

போன கார்த்திகையில ஒரு நாள் விடியப்புறம் ஐஞ்சு மணி இருக்கும், மனுசியைக் கிளிநொச்சிக்குக் கிளினிக் கொண்டுபோகவேணும், இரவு முழுக்க மழை, காரின்ர பின் கதவைத் திறந்தா இடப்பக்கம் கீழ மனுசின்ர பழைய பாட்டாச் செருப்பு ஒண்டு மிதக்குது. கை விட்டுப் பாத்தா விரல் மொளி மறையத் தண்ணி. எனக்கு உடன வந்த யோசினை, இது 2018 மார்கழி வெள்ளத்தில நிண்ட காரைப் பூசி மெழுகி என்ர தலையில கட்டிட்டாங்களோ எண்டு. அதைப் பாக்க ஒரு வழி இருக்கு, சீற் பெல்ற்றைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாக்கவேணும், வெள்ளத்தில நிண்டதெண்டா உள்ளுக்க சுத்திக் கிடக்கிற பக்கத்தில சேத்துக்கறை கோடு போட்டிருக்கும். என்ரயில பெல்ற் சுத்தம், சீற் பூட்டின நட்டிலயும் பெரிய கறள் இல்லை. வித்தவரை மனசுக்குள்ள ஏசினதுக்கு மனசுக்குள்ளயே மன்னிப்பும் கேட்டன்.

பிறகு கராஜ். ஊர் பேர் சொல்லேல்லை, எங்கயும் உதுதான் கதை. முதல் கராஜில தம்பி ஒராள் வந்து முன் கண்ணாடியை ஒருக்காப் பாத்தார், கண்ணாடி ரப்பர் பழுதாப் போயிட்டுது ஐயா எண்டார், சுத்திவரச் சிலிக்கன் அடிச்சார். அடுத்த மழைக்கும் அதே இடத்தில அதே தண்ணி. ரெண்டாவது கராஜில பின் கதவுதான் பிழை எண்டு கதவு ரப்பரைக் கழட்டி அதுக்கும் சிலிக்கன். ரெண்டு தரமும் சேத்து 9,500 ரூபா, தண்ணி ஒரு சொட்டும் குறையேல்லை. இதில ஒரு விசயம் சொல்லவேணும், வினாகிரி மாதிரிப் புளிச்சு மணக்கிற சிலிக்கன் வாங்கிக் காரின்ர தகரத்தில அடிக்கப்படாது, அது காயேக்க வெளிய விடுற அமிலம் தகரத்தைத் தின்னும், ஓட்டையை அடைக்கிறன் எண்டு புதுக் கறளை விதைச்சு விடுறதுதான் நடக்கும். கண்ணாடிக்கெண்டு இருக்கிறது பொலியூறித்தேன் பசை, அது வேற.

நான் மெக்கானிக் இல்லை, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில கணக்கெழுதிப் பென்சன் எடுத்தவன். மாத முடிவில கணக்கு இடிச்சா, இடிக்கிற பக்கத்தில பிழை இருக்காது, அது எங்கயோ நாலு பக்கம் முன்னுக்குப் பிறந்து நகர்ந்து நகர்ந்து வந்து அங்க நிக்கும். தண்ணியும் அந்தச் சாதிதான் எண்டு எனக்குப் பட்டுது. பின் சீற்றுக்குக் கீழ தண்ணி நிக்குது எண்டதுக்காக அது அங்கதான் உள்ளிட்டது எண்டு ரெண்டாவது கராஜ் நம்பினதோ இல்லை நம்பின மாதிரி நடிச்சதோ தெரியாது.

மழை விட்ட நாலு நாள் இடைவெளியில சீற்றெல்லாம் கழட்டிக் காபட்டைத் தூக்கினன். மேல காபட் காஞ்சு கிடக்கு, ஆனா அதுக்குக் கீழ இருக்கிற பஞ்சு மெத்தை மாதிரிச் சாமான் இருக்குதே, அது தோய்ச்ச சாக்கு மாதிரிப் பாரம், பிழிஞ்சா அரை வாளித் தண்ணி. உதை எடுக்காமக் கதவுகளைத் திறந்து வைச்சுக் காய விட்டன் எண்டு சொல்லுறவையின்ர கார் காயிறதே இல்லை, மேல காயும், அடியில தகரம் கறள் பிடிச்சுக்கொண்டே இருக்கும், அந்தப் புளிச்ச மணத்துக்கு வாசத் தண்ணி அடிச்சு என்ன பிரியோசனம். நான் அதை வேலியில மூண்டு நாள் போட்டன், போற வாற ஆக்கள் எல்லாம் வீட்டில ஆரும் செத்துப்போச்சினமோ, மெத்தை காயுது எண்டு விசாரிச்சவை.

இப்ப உங்கட பேப்பருக்கு வாறன். காரின்ர வெறுந்தகரத்தை வடிவாத் துடைச்சுக் காய விட்டு, அதுக்கு மேல பழைய பேப்பர்த் தாளுகளை ஒண்டுக்கு மேல ஒண்டு படாம விரிச்சன், மொத்தம் எட்டு, ஒவ்வொண்டிலயும் பேனையால நம்பர் போட்டன். காஞ்ச தாளில ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாக் கறுத்துக் காட்டும், தகரத்தில விழுந்த சொட்டைக் கண் பிடிக்காது. வழுவழுப்புத் தாள் சரிவராது, அது லேசில தண்ணியை உறிஞ்சாது, சாதாரண பேப்பர்த் தாள்தான் வேணும். அண்டைக்கு இரவு மழை பிடிச்ச உடன குடையோடயும் ரோச்சோடயும் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்காப் போய்ப் பாத்தன், மனுசி இந்தாளுக்கு விசர் எண்டு சொல்லிப்போட்டுப் படுத்திட்டா. பின்னுக்குப் போட்ட திருமண சேவைப் பக்கம் காஞ்சபடி கிடக்க, முன்னுக்கு இடப்பக்கம் டாஷ்போட் பெட்டிக்கு நேர கீழ போட்ட மரண அறிவித்தல் பக்கம்தான் முதல் நனைஞ்சுது! திருமண சேவை நனைய இன்னும் முக்கால் மணித்தியாலம் எடுத்துது. என்ர முத்தம் வீட்டுப் பக்கம் கொஞ்சம் உயர்ந்தது, கார் எப்பவும் மூஞ்சியை மேல வைச்சு நிக்கும், அப்ப முன்னுக்கு விழுந்த தண்ணி வாசல் ஓரம் வயர் ஓடுற பள்ளத்தால பின்னுக்கு வடிஞ்சு போய் நிண்டிருக்கு. இவ்வளவு நாளும் பின் கதவைச் சந்தேகப்பட்டது வீண்.

எங்க பக்கத்தால எண்டு தெரிஞ்சா எந்த ஓட்டையால எண்டு பிடிக்கிறது அடுத்த வேலை. அதுக்குப் பேரன் வேணும். ஒம்பது வயசு, டாஷ்போட்டுக்குக் கீழ தலையைக் குடுத்து மல்லாக்காப் படுக்க அவன்ர உடம்புக்குத்தான் இடம் காணும். ரோச்சை அவன்ர கையில குடுத்திட்டு நான் வெளியில ஹோஸ் பைப்போட நிண்டன். தண்ணியைச் சீறிப் பாய விடப்படாது, சேர்விஸ் ஸ்ரேசன் துவக்கு மாதிரி அடிச்சா மழை ஒருநாளும் போகாத இடத்துக்கெல்லாம் தண்ணி போய் நல்ல இடத்தையும் ஓட்டை எண்டு காட்டும். சும்மா ஒழுக விடவேணும், அதுவும் கீழ இருந்து தொடங்கி மேல போகவேணும், மேல தொடங்கினா எல்லா இடத்தாலயும் வடிஞ்சு எது எண்டு தெரியாமப் போயிடும். ஒரு இடத்தில பத்து நிமிசம், பிறகு ஒரு சாண் மேல. கதவின்ர அடி, ஒண்டுமில்லை. கதவு மூலை, ஒண்டுமில்லை. சிலிக்கன் அடிச்ச கண்ணாடியின்ர பக்கத்து ஓரம் எல்லாம் பிடிச்சுப் பாத்தன், ஒண்டுமே இல்லை, பேரன் உள்ளுக்க நித்திரையாகிற நிலைமை. கடைசியா வைப்பருக்குக் கீழ இருக்கிற அந்தக் கறுப்புப் பிளாஸ்ரிக் சல்லடையில பைப்பை வைச்சு ஒரு மூண்டு நிமிசம் இராது, அம்மப்பா வருது வருது என்ர மூக்கில விழுது எண்டு கத்தினான்.

விசயம் இதுதான். அந்தச் சல்லடைக்குக் கீழ ஒரு பீலி மாதிரி இருக்கு, கண்ணாடியில வடியிற மழைத்தண்ணி எல்லாம் அதுக்குள்ள விழுந்து ரெண்டு பக்கமும் இருக்கிற துவாரத்தால மட்காட்டுக்குப் பின்னால நிலத்துக்குப் போகவேணும். அதே பீலியிலதான் காருக்குள்ள வாற காத்துக்கும் வாசல், எங்கட மாதிரி வலப்பக்கம் ஸ்ரியறிங் உள்ள காரில அது இடப்பக்கம் இருக்கும். துவாரம் அடைபட்டா பீலி குளமாகும், காத்து வாசலின்ர வரம்பைத் தாண்டினாக் கலிங்கு பாயிற மாதிரி நேர காத்தாடி மோட்டருக்கு மேலயே விழும். மாரியில மட்டும் அந்த மோட்டர் கிறீச் கிறீச் எண்டு கத்தினது, நான் அது வயசுக் கோளாறு எண்டு விட்டிட்டன், உண்மையில அது எனக்கு விசயத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கு.

அடைச்சது ஆர் தெரியுமோ, நான் நிழலுக்கெண்டு கார் விடுற புளியமரம். மாவிலை பலாவிலை சல்லடையைத் தாண்டாது, புளியிலை நெல்லளவு, எல்லாம் உள்ளுக்க போயிடும். வைப்பர் கையைக் கழட்டி, கிளிப்புகளை மெல்லமாக் கிளப்பி (பழைய பிளாஸ்ரிக், ரெண்டு கிளிப் முறிஞ்சது முறிஞ்சதுதான்), பாத்தா ரெண்டு கை நிறையக் கறுத்த களி, அதுக்குள்ள ஒரு புளியங்கன்று முளைச்சு ரெண்டு இலையும் விட்டிருக்கு. களியை வழிச்செடுத்துப்போட்டுத் துவாரத்தைப் பழைய சைக்கிள் பிரேக் கம்பியால மெதுவாக் குத்தித் தண்ணி விட, முன் ரயருக்குப் பின்னால கரகரவெண்டு ஊத்திச்சுது பாருங்கோ, பேரனுக்குக் குளத்துக் கதவு திறந்த சந்தோசம். செலவு அந்த ரெண்டு கிளிப்தான்.

எல்லாற்ற காருக்கும் உதுதான் காரணம் எண்டு சொல்லேல்லை. மழையே இல்லாத ஆடி ஆவணியில ஏசி போட்டு ஓடேக்க இடப்பக்கம் தெளிஞ்ச தண்ணி நிண்டா அது ஏசித் தண்ணி, வெளிய போற குழாயை மண்ணோ குளவிக்கூடோ அடைச்சிருக்கும், ஊதி விட்டாச் சரி. பிசுபிசுத்து இனிப்பா மணந்து கண்ணாடியும் உள்ளுக்க பனி மூடின மாதிரி மங்கினா ஹீற்றர் கசியுது, அது றேடியேற்றர்த் தண்ணி, உடன காட்டவேணும். ஸ்பீக்கர் பூட்டவோ கண்ணாடி ஏத்தி இறக்கிற சட்டர் திருத்தவோ ஆரும் கதவைக் கழட்டியிருந்தா உள்ளுக்க ஒட்டியிருக்கிற பிளாஸ்ரிக் தாளைக் கிழிச்சு எறிஞ்சிருப்பாங்கள், பேசாம அதைத் திரும்ப ஒட்டுங்கோ, கதவுக்குள்ள மழைத்தண்ணி போறது வழமை, அந்தத் தாள்தான் அதை உள்ளுக்க வர விடாமக் கதவின்ர அடித் துளையால வெளிய அனுப்புறது. எங்கட கிரவல் ரோட்டுக்கு இன்னொரு நன்மையும் இருக்கு, கோடையில கதவு ரப்பர் ஓரத்தில எந்த இடத்தில செம்புழுதி கோடு போட்டுக் கிடக்குதோ அந்த இடத்தாலதான் மாரியில தண்ணியும் வரும். கார் கழுவ முதல் அதைப் பாத்து வையுங்கோ.

ஆசிரியர் ஐயா, ஞாயிறு பேப்பரில புதுக்கார் விளம்பரம் முழுப் பக்கம் வருது. வன்னியில ஓடுற காருகளில கனக்க எங்கட பேரப்பிள்ளையளை விட வயசு கூடினது, உதுகளை வைச்சிருக்கிற ஆக்களுக்கெண்டு ஒரு கால் பக்கம் ஒதுக்கித் தாங்கோ, சிலிக்கன் எடுக்க முதல் ஒருக்கா ரோச் அடிச்சுப் பாக்கிற நல்ல மெக்கானிக்மாரும் இருக்கினம், அவையிட்டயே எழுத்தில வாங்கிப் போடலாம். இந்தக் கடிதத்தைப் போடுறதெண்டா ஐப்பசிக்கு முதல் போடுங்கோ, பிறகு போட்டா செருப்பு மிதக்கத் தொடங்கிடும்.

என்ர கார் முன்னுக்கு இப்ப காஞ்சு கிடக்கு. ஆனா போன கிழமை பெஞ்ச சின்ன மழைக்கு டிக்கியில ஸ்பெயார் ரயர்க் குழிக்குள்ள ஒரு கோப்பை அளவு தண்ணி கண்டன், பின் லைட்டின்ர ரப்பரில எனக்குச் சந்தேகம், இருந்தாலும் இந்த முறை அவசரப்பட்டு ஆரையும் குற்றஞ்சாட்டுறதாயில்லை. உங்கட போன ஞாயிற்றுப் பேப்பரைப் பிரிச்சு, மரண அறிவித்தலை இடப்பக்க லைட்டுக்குக் கீழயும் திருமண சேவையை வலப்பக்கமும் போட்டு டிக்கியைப் பூட்டி வைச்சிருக்கிறன். வானம் தெற்கால கறுத்துக்கொண்டு வருது.

இப்படிக்கு,
விசுவமடு வாசகன்