துயரத்தில் உனக்கும் பங்கு உண்டு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. படித்து முடித்ததும் போனைத்தான் எடுத்தேன். ஆனால் பேசினால் குரல் அடைத்துக்கொள்கிறது, எழுதத்தான் முடிகிறது என்று நீயே எழுதியிருந்தாய். அதனால் நானும் எழுதுகிறேன். அக்காவை ஒரே நாளில் பறிகொடுத்தவள் என்பதால் நீ கேட்டவற்றில் சிலவற்றுக்காவது என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

தம்பி போய் இத்தனை நாளாகியும் சரியாக ஓர் அழுகை கூட வரவில்லை, எனக்கென்ன கல்நெஞ்சா என்று கேட்டிருக்கிறாய். நோயில் படுத்துப் போகிறவர்களின் வீட்டில் மனம் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தயார் செய்துகொள்ளும். காலையில் பேசியவன் மாலையில் இல்லை என்றால் அந்தச் செய்தி காதில் விழுமே தவிர உள்ளே இறங்காது. அக்கா இறந்த பிறகும் வெகு காலம், ஏதாவது நல்ல செய்தி என்றால் என் விரல் அவள் எண்ணைத்தான் தேடும். பெயர் திரையில் வந்த பிறகுதான் நினைவு வரும். மூளைக்குத் தெரிந்தது விரலுக்குத் தெரியவில்லை. உனக்கும் அதுதான் நடக்கிறது. அழுகை வரும். ஏதோ ஒரு பொருந்தாத இடத்தில், பொருந்தாத நேரத்தில் வரும். அப்போது அடக்காதே.

தொண்டையில் ஏதோ சிக்கியது போலிருக்கிறது, மூச்சு முழுதாக இறங்குவதில்லை, படியேறினால் கால் துவள்கிறது என்றும் எழுதியிருந்தாய். துக்கத்தை உடம்பும் சுமக்கிறது. 1942-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். அந்த விபத்தில் உறவினரை இழந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் எரிக் லிண்டெமன், 1944-இல் எழுதிய கட்டுரையில் கிட்டத்தட்ட உன் கடிதத்தில் உள்ளதையே எழுதியிருக்கிறார்: தொண்டை இறுகுவது, மூச்சு முட்டுவது, ஓயாத பெருமூச்சு, வயிற்றில் ஒரு வெறுமை, தசைகளில் வலுவின்மை. இவை அலையலையாக வந்து, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும் என்றும் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு இதைப் படித்தபோது பெரிய ஆறுதல். அலை என்றால் வடியும் அல்லவா? மூச்சு முட்டும்போது கடிகாரத்தைப் பார்த்து, இது போய்விடும் என்று சொல்லிக்கொள்ளப் பழகினேன்.

ஆனாலும் மருத்துவரைப் போய்ப் பார். இதை வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. தம்பிக்கு இதயம் திடீரென்று நின்றதற்குக் காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்கிறாய். இள வயதில், காரணம் விளங்காமல் இப்படி நேர்ந்தால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் இதயப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதே இதய மருத்துவர்களின் பரிந்துரை. இதயத் தசை தடிப்பது, இதயத்தின் மின்னோட்டத்தில் உள்ள கோளாறு போன்றவை பரம்பரையாக வரக்கூடியவை. இ.சி.ஜி., எக்கோ இரண்டிலும் தொடங்குவார்கள். உனக்கும் அவன் மகளுக்கும் சேர்த்தே நேரம் வாங்கிவிடு. தள்ளிப்போடாதே.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன்.

உன் கடிதத்தில் அம்மா சாப்பிடவில்லை, அப்பா யாரிடமும் பேசுவதில்லை, தம்பி மனைவி தூங்குவதில்லை, குழந்தை இரவில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறது என்று எல்லோரைப் பற்றியும் இருக்கிறது. உன்னைப் பற்றி மட்டும், "எனக்கென்ன, நான் சமாளித்துக்கொள்கிறேன்" என்று ஒரே வரி. வருகிறவர்கள் எல்லோரும் உன் கையைப் பிடித்துக்கொண்டு "அம்மாவைப் பார்த்துக்கொள்" என்றுதானே சொன்னார்கள்? எனக்கும் அதையேதான் சொன்னார்கள். பெற்றவள் துக்கம் பெரிது, கட்டியவர் துக்கம் பெரிது என்பதில் யாருக்கும் ஐயமில்லை. கூடப் பிறந்தவளின் துக்கத்துக்கு மட்டும் அங்கே இடம் ஒதுக்கப்படுவதில்லை. அவள் கதவைத் திறக்கிறாள், வந்தவர்களை உட்கார வைக்கிறாள், சான்றிதழுக்கு அலைகிறாள். அலுவலகம் கூட, தம்பிதானே என்று ஓரிரு நாளில் திரும்பி வரச் சொல்கிறது. கென்னத் டோக்கா என்ற அறிஞர் 1980-களில் இதைப் பற்றி நிறைய எழுதினார். சமூகம் உரிமை கொடுக்காத துக்கம் என்று ஒன்று உண்டு, அதைச் சுமப்பவர் வெளியே காட்ட வழியில்லாமல் தனித்துப் போகிறார் என்பது அவர் வாதம். அதைப் படித்தபோது, அக்கா இறந்த வீட்டில் நான் ஏன் விருந்தாளிகளைக் கவனிப்பவள் போல நடந்துகொண்டேன் என்பது எனக்கு விளங்கியது.

உனக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நீயே எண்ணிப் பார். பெற்றோர் நமக்கு முன்னால் போவார்கள், கணவரும் பிள்ளைகளும் பாதியில் வந்தவர்கள். பிறந்ததிலிருந்து முதுமை வரை கூடவே வருவதாக நாம் நம்பும் உறவு உடன்பிறப்பு ஒன்றுதான். அப்பாவின் செருப்புச் சத்தத்தை வைத்தே இன்று அவர் கோபமாக வருகிறாரா இல்லையா என்று கண்டுபிடித்து நீங்கள் இருவரும் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்வீர்கள் என்று சொல்வாயே, அதைத் தெரிந்தவன் இப்போது இல்லை. அந்த வீட்டின் அந்த நாட்களுக்குச் சாட்சி நீ ஒருத்திதான். இந்தத் தனிமையை அம்மாவுக்குக் கூட விளக்க முடியாது. தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். உன் தசை ஆடிக்கொண்டிருக்கிறது, நீ அதைக் கட்டிப்போட்டுக்கொண்டு மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறாய்.

அதனால் அம்மாவைக் கவனிக்க வேண்டாம் என்று சொல்வேனா? கவனி. ஆனால் நாளில் ஒரு மணி நேரமாவது மகளாகவும் அண்ணியாகவும் அத்தையாகவும் இல்லாமல், அவனுக்கு அக்காவாக மட்டும் இரு. கதவைச் சாத்திக்கொண்டு அவன் படங்களைப் பார். அவனுக்கே கடிதம் எழுது. அவன் குரல் பதிவுகளை இப்போதைக்குக் கேட்க முடியாது என்றால் கேட்காதே. ஆனால் அவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்து வைத்துவிடு. போன் பழுதானால் போய்விடும். பின்னால் ஒருநாள் கேட்கத் தோன்றும்.

அந்தக் கடைசி அழைப்பு. அதைப் பற்றி நீ எழுதிய வரிகள்தான் என்னைத் தூங்கவிடவில்லை. அன்று இரவு அழைத்தான், நான் எடுக்கவில்லை, "நாளைக்குப் பேசலாம்" என்று செய்தி அனுப்பினேன், எடுத்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பானோ என்கிறாய். தோழி, அவன் விடைபெறுவதற்காக உன்னை அழைக்கவில்லை. நாளை உண்டு என்று உன்னைப் போலவே அவனும் நம்பினான். "சரி அக்கா" என்று பதில் போட்டுவிட்டுத்தானே படுத்தான்? நாளைக்குப் பேசலாம் என்று கூச்சமில்லாமல் சொல்வதற்கு உலகத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் நமக்கு? அந்த உரிமை உங்களுக்குள் கடைசி இரவு வரை இருந்திருக்கிறது. திடீர் மரணத்தில் மனம் இந்த "எடுத்திருந்தால்" என்பதைப் பிடித்துக்கொண்டு விடாது. நடந்ததில் நமக்கும் கொஞ்சம் கை இருந்தது என்று நம்புவது, நம் கையில் எதுவுமே இல்லை என்பதை ஏற்பதைவிட எளிதாக இருக்கிறது என்று நினைக்கிறேன். வீட்டு விஷயத்தில் நீங்கள் இருவரும் பேசாமலிருந்த அந்தக் காலமும் இப்போது வந்து குத்தும். குத்தட்டும். சண்டை போடாத உடன்பிறப்புகளை நான் பார்த்ததில்லை. அந்தச் சண்டைக்குப் பிறகு முதலில் பேசியது நீதான் என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் அலுவலகத்தில் ஏதோ கேட்டு வாய்விட்டுச் சிரித்துவிட்டேன், பிறகு கழிப்பறையில் போய் நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். துக்கத்துக்கு மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என ஐந்து படிகள் என்று உன்னிடமும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நீ எந்தப் படியில் இருக்கிறாய் என்று தெரியாமல் தவிக்கிறாய். அந்த ஐந்தும் எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் சொன்னவை. மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளோடு பேசித்தான் அவர் அதை எழுதினார். பிற்பாடுதான் அது இழந்தவர்களுக்கும் பொருந்தும் என்று பரவியது. எல்லோரும் வரிசையாக ஏறிப் போகும் படிக்கட்டு அது இல்லை. எனக்குப் பொருத்தமாகப் பட்டது, மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999-இல் சொன்ன விளக்கம். இழந்தவர் மனம் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கும். சிறிது நேரம் இழப்பில் மூழ்கும், சிறிது நேரம் அதை விட்டு விலகி வேலை, வீடு, பில் கட்டுவது என்று இறங்கும். இரண்டும் தேவை, மூழ்கியே கிடப்பதும் விலகியே ஓடுவதும்தான் சிக்கல். அப்படிப் பார்த்தால் நீ சிரித்தது தம்பிக்குச் செய்த துரோகம் ஆகாது. மனம் மூச்சு வாங்க மேலே வந்திருக்கிறது.

எப்போது குறையும் என்ற கேள்விக்கு நேர்மையாகவே பதில் சொல்கிறேன். அழுத்தம் குறையும். இடைவெளிகள் நீளும். ஆனால் புதிது புதிதாகவும் வரும். அக்கா இறந்தபோது இருந்த வயதை நான் எட்டிக் கடந்த ஆண்டு எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. என்னைவிட மூத்தவள் இப்போது என்னைவிட இளையவள். அதற்கு யாரும் என்னைத் தயார் செய்திருக்கவில்லை. உன் தம்பி மகள் பள்ளி முடிக்கும் நாளில் உனக்கு அப்படி ஒன்று வரலாம். வந்தால், பின்னோக்கிப் போய்விட்டோம் என்று அஞ்சாதே.

ஆனால் மாதங்கள் போயும் ஏக்கம் ஒரு நாளும் விடாமல் வாட்டி, வேலை, சாப்பாடு, மனிதர்கள் எதிலும் ஒட்டாமலே இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே நீடித்த துயரக் கோளாறு என்று இப்போது தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். குறைந்தது ஆறு மாதங்களாவது அப்படி நீடித்தால்தான் அந்தப் பெயர். இதற்கென்றே உருவாக்கிய பேச்சுச் சிகிச்சைகள் பலன் தருகின்றன. நான் ஓர் ஆலோசகரிடம் போனேன், எனக்கு உதவியது. இருக்கவே வேண்டாம் என்று ஒரு நொடி தோன்றினாலும் ஆறு மாதமெல்லாம் பார்க்காதே, உடனே மருத்துவரிடம் போ, எனக்கும் சொல்.

குழந்தை விஷயம். அப்பா ஊருக்குப் போயிருக்கிறார், தூங்குகிறார் என்று சொல்ல வேண்டாம் என்று அவள் அம்மாவிடம் மெதுவாகச் சொல். தூங்குகிறார் என்று கேட்ட குழந்தைகள் தூங்கவே பயப்படுவார்கள். அப்பா இறந்துவிட்டார், அவர் உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது, அவர் திரும்பி வர மாட்டார், அது உன்னால் நடந்ததில்லை என்று எளிய சொற்களில் சொல்ல வேண்டும். அவள் மறுபடி மறுபடி கேட்பாள். மறுபடி மறுபடி சொல்ல வேண்டும். அவன் அந்த வயதில் எப்படி இருந்தான் என்று அவளுக்குச் சொல்லக்கூடியவர்களில் நீயும் ஒருத்தி.

கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று புதியவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று தடுமாறுவதாக எழுதியிருந்தாய். நான் இன்றும் "ஓர் அக்கா, இறந்துவிட்டாள்" என்றே சொல்கிறேன். கேட்டவர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை. அவளைக் கணக்கிலிருந்து எடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

இங்கே எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேர்கிறாள். அவருக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை. இதையெல்லாம் விரிவாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மாதக் கடைசியில் விடுப்பு எடுத்திருக்கிறேன். வந்து ஒரு வாரம் உன்னோடு இருப்பேன். வங்கிக்கும் காப்பீட்டு அலுவலகத்துக்கும் போகும் வேலைகளை எனக்காக எடுத்து வை, அவற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். அம்மாவோடு பகலில் நான் உட்கார்ந்திருக்கிறேன், நீ தூங்கு. உன் தம்பியைப் பள்ளிச் சீருடையில் பார்த்தவள் நான். அவனைப் பற்றி நீ பேசினால் கேட்பதற்கும், நீ மறந்துபோன சிலவற்றைச் சொல்வதற்கும் என்னிடம் நிறைய இருக்கிறது. பரிசோதனைக்கு எந்தத் தேதி கிடைத்தது என்று மட்டும் இந்த வாரமே ஒரு வரி எழுதிவிடு.

என்றும் அன்புடன்,
உன் தோழி