மேடைக்கு மேல் ஆடும் துணியைக் காற்றடித்தால் இறக்கச் சொல்ல ஒருவர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

இசை நிகழ்ச்சிகளில் இப்போது எல்இடி திரையோடு கூடவே, வடத்தைச் சுற்றி இழுக்கும் வின்ச் மோட்டாரில் ஏறி இறங்கும் துணிகளையும் தொங்கவிடுகிறார்கள். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மேடை முழுக்க ஒரு பெரிய சீலை அலையாக எழுந்து மெதுவாக அடங்குவதை நேரில் பார்த்தவர்களுக்கு அந்த அழகு தெரியும், எந்தத் திரையும் அதற்கு ஈடில்லை. விளக்கு, திரை எல்லாம் தொங்கும் ட்ரஸ் என்ற உலோகச் சட்டத்தை மேடைக்கு மேல் ஏற்றிக் கட்டும் வேலையில் இருப்பவன் நான், எனக்கு மிகவும் பிடித்த வேலையும் இதுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

"துணிதானே, என்ன கனம் இருந்துவிடப் போகிறது?" என்று பலரும் கேட்கிறார்கள். உள்ளரங்கில் அது ஓரளவு சரி. திறந்தவெளி மைதானத்தில் சரியே இல்லை. 10 மீட்டர் அகலம், 6 மீட்டர் உயரத்துக்கு ஒரு துணி 20 கிலோகூட வராது, ஆனால் அதை விறைப்பாக இழுத்துக் கட்டி, மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று நேராக வந்து மோதினால் கிட்டத்தட்ட 360 கிலோ பாரத்துக்குச் சமமான விசையோடு ட்ரஸ்ஸைத் தள்ளும். காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு, ஒன்றரை டன்னை நெருங்கிவிடும். சென்னையில் செப்டம்பர் மாதச் சாயங்காலம் இடிமழைக்கு முன்னால் காற்று எவ்வளவு சீக்கிரம் மாறும் என்று உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2011 ஆகஸ்ட் 13 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலக் கண்காட்சியில் கச்சேரி தொடங்கும் நேரத்தில் இப்படி வந்த காற்றில்தான் மேடைக் கூரை சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். கூரையை இழுத்துப் பிடித்த கம்பிகளைத் தரையில் சும்மா வைத்திருந்த கான்கிரீட் தடுப்புகளில் கட்டியிருந்தார்கள், காற்று வந்ததும் தடுப்புகளே நகர்ந்துவிட்டன. நிகழ்ச்சியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே அங்கே தெளிவாக இல்லை என்றும் விசாரணையில் தெரியவந்தது. என்னை உறுத்துவது இதுதான், ஏனென்றால் இங்கேயும் அதே நிலைமை. ஒரு நிகழ்ச்சியில் காற்று ஏறியபோது துணியை இறக்கிவிடலாம் என்று சொன்னேன், "இன்னும் ரெண்டு பாட்டு போகட்டும்" என்றார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை, சரி. ஆனால் அது எங்கள் ஏற்பாட்டின் பலத்தால் அல்ல.

காற்றே புகாத அரங்கிலும் ஆபத்து உண்டு. 2022 ஜூலையில் ஹாங்காங் கொலீசியத்தில் நடனமாடிக்கொண்டிருந்தவர்கள் மேல் எல்இடி திரை விழுந்தது. தொங்கவிட்ட கம்பி வடம் தரமற்றது, உலோகக் களைப்பால், அதாவது திரும்பத் திரும்ப விசை பட்டு உலோகம் பலவீனமானதால், அறுந்தது, திரையின் எடையையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள் என்று விசாரணையில் வெளிவந்தது. கப்பியில் திரும்பத் திரும்ப வளைந்து ஓடும் வடம் உள்ளும் வெளியும் தேயும். பழைய துணி ஒன்றை வடத்தின்மேல் சுற்றிப் பிடித்து மெதுவாக உருவினால், அறுந்த இழை இருக்கிற இடத்தில் துணி சிக்கும், அப்புறம் அந்த வடத்தைத் தூக்கிப்போட வேண்டியதுதான். இதற்கு நேரம் பிடிக்கும். நிகழ்ச்சிக்கு முந்தைய இரவு சாமான் வந்து இறங்கினால் அந்த நேரம் எங்கே கிடைக்கும்?

மைதானத்துக்கு அனுமதி தரும்போதே அதிகாரிகள் சிலவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். மேலே தொங்கும் ஒவ்வொன்றையும் எடைபோட்ட கணக்கு, ட்ரஸ் உச்சியில் காற்றை அளக்கும் கருவி, எந்த வேகத்தில் துணியை இறக்குவது என்ற எண். எல்லாவற்றையும் விட முக்கியம், அமைப்பாளரைக் கேட்காமலே நிகழ்ச்சியை நிறுத்தக்கூடிய ஒருவரின் பெயர். பெரிய கச்சேரிகளைப் பற்றி முன்கூட்டியே செய்தி போடும் உங்கள் நிருபர்கள், டிக்கெட் விலையோடு அந்தப் பெயரையும் கேட்டு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
மேடை ரிக்கிங் தொழிலாளி ஒருவர்,
சென்னை