சமரச மையத்து அம்மாவுக்கு நன்றி

மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்துச் சமரச மையத்தில் எங்கள் விவாகரத்து வழக்கைப் பேசி முடித்துவைத்த அம்மாவுக்கு இந்த நன்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

குடும்பநல நீதிமன்றம் எங்களை அங்கே அனுப்பியபோது, ‘அனுசரித்துப் போ’ என்று அறுக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. முதல் வேலையாக என் அண்ணனையும் கணவர் வீட்டுச் சித்தப்பாவையும் வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார். பாதிச் சண்டை அத்தோடு சரி! அப்புறம் எங்களிடம் தனித்தனியாகப் பேசினார். இங்கே சொல்வதை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் காட்ட முடியாது என்று அவர் விளக்கிய பிறகுதான் எனக்கு வாயே திறந்தது.

நகைக் கணக்கு சீக்கிரம் தீர்ந்தது. இழுத்தடித்தது சீர் கொடுத்த பித்தளை அண்டாவும், சித்திரைத் திருவிழாவுக்கு மகள் யாரிடம் என்பதும்தான். “பிள்ளைக்கு எது பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டார். அழகர் ஆற்றில் இறங்குவதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்ப்பது என்று நானே சொல்லிவிட்டேன். திருக்கல்யாணம் என்னோடு, அழகர் அப்பாவோடு. ஒப்பந்தத்தில் அப்படியே எழுதியிருக்கிறது.

கையெழுத்துக்கு முன் அவரவர் வக்கீலிடம் காட்டச் சொன்னார். அதை வைத்தே, இருவரும் சம்மதித்து விவாகரத்து கேட்பதற்கான இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் சேர்ந்து மனு போட்டோம். இப்படி மனு போட்ட பிறகு இருக்க வேண்டிய ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது எங்களுக்கும் கைகொடுத்தது.

ரொம்ப நன்றி அம்மா. அண்டாவும் வந்து சேர்ந்துவிட்டது.