வாய் நாற்றம் என்று எந்தப் பிள்ளையையும் தள்ளி உட்கார வைக்காதீர்கள்

வேலூர் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு வணக்கம்.

காட்பாடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளை, வாய் நாறுகிறது என்று கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்த விவரம் என் மனுவில் இருக்கிறது. அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. அதற்கப்புறம் அவள் என்ன ஆனாள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டை வலி என்கிறாள். மதியம் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. வீட்டில் என்னிடம் பேசும்போதுகூட துப்பட்டாவால் வாயை மூடிக்கொள்கிறாள். ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஹேர்பின்னால் தொண்டையை நோண்டியிருக்கிறாள். ரத்தம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்த்துவிட்டு டான்சில் கல் என்றார். டான்சிலில் உள்ள குழிகளில் சாப்பாட்டுத் துணுக்கும் உதிர்ந்த செல்லும் கிருமியும் தங்கி, சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகிவிடுகிறது. அந்தக் கிருமிகள் விடும் கந்தக வாயுதான் நாற்றம். ஒட்டாது, தொற்றாது. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், எதை விட்டும் நோண்டக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படாது என்றார். காலையும் இரவும் பல் தேய்க்கிற பிள்ளை அவள். "பல் தேய்ச்சிட்டு வா" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் சொன்னால் அந்தக் கல் கரைந்துவிடுமா?

பிள்ளைகளுக்கு வாய் நாற இன்னும் எத்தனையோ காரணம் உண்டு. சொத்தைப் பல், சைனஸ், மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவது, காலையில் சாப்பிடாமல் வருவது. சின்னக் குழந்தை மூக்கில் எதையாவது திணித்துக்கொண்டால்கூட நாறும். இதையெல்லாம் பெஞ்சு மாற்றியா கண்டுபிடிக்க முடியும்? ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம், அதாவது தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், 2013இல் வந்தது. 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அதில் மருத்துவக் குழு இருக்கிறது. அவர்களிடம் காட்டச் சொல்லுங்கள். தனியாக உட்கார வைக்கச் சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் குடி என்றால் என் மகள் குடிப்பதில்லை. கேட்டால், பாத்ரூமுக்குள் கால் வைக்க முடியவில்லை என்கிறாள். வேலூர் வெயில் எப்படி என்று உங்களுக்கே தெரியும். நூறு டிகிரியைத் தாண்டும் ஊரில் ஒரு பெண் பிள்ளை நாள் முழுக்க வாய் வறண்டு உட்கார்ந்திருந்தால் நாறாமல் என்ன செய்யும்? கழுவாத கழிவறைக்கு யாரையும் கடைசி பெஞ்சில் உட்கார வைக்கவில்லையே. பிள்ளைக்குத்தானே தண்டனை.

கோபத்தில் எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் கேட்பது ஒன்றுதான். வாய் நாற்றத்துக்காக எந்தப் பிள்ளையையும் தனியாக உட்கார வைக்கக் கூடாது, வகுப்பில் வைத்துப் பேசக் கூடாது, பெற்றோரைத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும் என்று எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்குள் அது போய்ச் சேர்ந்தால் மிகவும் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
காட்பாடி