சேதுவுக்கு, ஐந்து மாதம் தாமதமாக

செம்பூர், மும்பை
ஆகஸ்ட் 17

அன்புள்ள சேது,

முதலில் திட்டி முடித்துவிடு. காத்திருக்கிறேன்.

ஆயிற்றா? சரி. பங்குனியில் நீ போட்ட கடிதத்துக்கு ஆவணி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பையன் வேலை மாறிவிட்டான், மருமகள் மறுபடி கிளினிக் போக ஆரம்பித்துவிட்டாள், எனக்குச் சர்க்கரை கட்டுக்குள், தொப்பை கட்டுக்கு வெளியே. மழை விட்டபாடில்லை. சீட்டுக்கட்டெல்லாம் ஈரம் குடித்து ஊறிப்போய், விசிறி மாதிரி விரித்தால் கொத்துக் கொத்தாக வருகிறது. இரண்டு கட்டை அரிசி டப்பாவுக்குள் போட்டு வைத்தேன். அதற்கு வீட்டில் நடந்த அர்ச்சனையைத் தனிக் கடிதமாகத்தான் எழுத வேண்டும்.

நீ கேட்டது ஒரே கேள்வி. "சீட்டு வித்தைப் புத்தகம் ராயல் ரோடை ஒருவழியாக முடித்துவிட்டேன். டபுள் லிஃப்ட் (இரண்டு சீட்டை ஒன்று போல எடுப்பது) வருகிறது, பாஸ் (கட்டின் இரு பாதியையும் தெரியாமல் இடம் மாற்றுவது) முக்கால்வாசி வருகிறது, ஒரு நாற்பது வித்தை தெரியும். அடுத்து என்ன வாங்கலாம்?" இதற்குப் பதில் எழுத ஒரு அஞ்சலட்டை போதும். நான் பட்டியல் போட உட்கார்ந்தேன். புத்தகம், வீடியோ, பணம் கட்டி இறக்கிக்கொள்கிற ஒற்றை வித்தைகள் என்று வளர்ந்து 34இல் வந்து நின்றது. கட்டம் போட்டு, விலை எழுதி, நட்சத்திரம் எல்லாம் வைத்தேன். அந்த 34இல் 19 என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பத்தொன்பதில் எதை எல்லாம் கடைசிவரை படித்தேன் என்று குறிக்க இன்னொரு கட்டம் சேர்த்தேன் பார், அங்கேதான் பேனா நின்றது. இரண்டு! அதில் ஒன்று ராயல் ரோடு. அதுவும் நம்ம சிநேகிதன் குண்டு வடை மடித்த பக்கங்களைக் கழித்து.

இந்த லட்சணத்தில் உனக்கு யோசனை சொல்ல வெட்கமாக இருந்தது. தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதற்கே வெட்கம் வந்து, இன்னும் தள்ளிப்போட்டேன். போன மாதம் மாட்டுங்காவில் நடந்தது நடக்காவிட்டால் தீபாவளிக்கும் எழுதியிருக்க மாட்டேன்.

என் சகலைக்கு அறுபதாம் கல்யாணம். சாப்பாடு முடிந்து ஆளாளுக்கு வெற்றிலை மென்றுகொண்டிருந்த நேரம். "அத்தான், சீட்டு வித்தை காட்டுங்க" என்றாள் மைத்துனி. வேண்டாம் வேண்டாம் என்று ஒரு நிமிஷம் பிகு செய்தேன். ஜிப்பாப் பையில் இரண்டு கட்டு வைத்துக்கொண்டு வந்தவனின் பிகுவை யார் நம்புவார்கள்? பதினைந்து நிமிஷத்தில் ஒன்பது வித்தை. ஒன்றுகூடத் தப்பவில்லை, சேது. ஈரக் கட்டிலும் டபுள் லிஃப்ட் வெண்ணெய் மாதிரி விழுந்தது. கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மட்டும், "கை என்னமா ஓடுது! இவரை ரம்மிக்குச் சேர்த்துடாதீங்கப்பா" என்றார். பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். கைசுத்தம் இல்லாதவன் என்று சொல்வதற்காகவே கைசுத்தமாக வேலை பார்க்கிற ஒரே தொழில் நம்முடையதுதானே.

அப்புறம் சகலையின் பெரியம்மா கையை நீட்டினார். எண்பது தாண்டியவர், அம்பாசமுத்திரத்துக்காரர். பிள்ளைகள் ஆடிப் போட்டிருந்த பிசுக்குக் கட்டை வாங்கி, நாலு ஜாக்கியை உருவிக் காட்டினார். "இவனுங்க நாலு பேரும் திருடனுங்க. ராத்திரி மொட்டை மாடியில வந்து குதிக்கிறானுங்க." அதேதான். நீ அரை டிராயர் போட்டிருந்த காலத்தில் காட்டிய வித்தை. ஒருத்தன் கீழ்வீட்டில் இறங்கி முறுக்கு டப்பாவைத் திறக்கிறான். ஒருத்தன் நடுமாடியில் மாமியாரின் நகைப்பெட்டியை உருட்டுகிறான், உள்ளே எல்லாம் கவரிங். மூன்றாமவனுக்குத் தூக்கம் வந்து அங்கேயே கட்டிலில் படுத்துவிட்டான். நாலாமவன் மாடியில் காவலுக்கு நின்று பீடி பிடிக்கிறான். போலீஸ் வருகிறது. பெரியம்மா பல்லில்லாத வாயால் சைரன் ஊதினார். கட்டின் தலையில் ஒரு தட்டு. மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டினால் நாலு ஜாக்கியும் மொட்டை மாடியில்.

அவர் சீட்டை மறைத்த விதம் பத்தடி தள்ளி இருந்த எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்கள் சீட்டையா பார்த்தார்கள்? தூங்கிப்போன திருடன் என்ன ஆவான் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை மைத்துனியின் பேத்தி துபாயில் இருக்கும் அப்பாவிடம் போனில் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவரிங் நகை உட்பட ஒன்றையும் விடவில்லை. "சரி, செம்பூர் தாத்தா என்ன காட்டினார்?" என்று அவன் கேட்டிருப்பான் போலிருக்கிறது. அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "தாத்தா சீட்டு சீட்டா எடுத்தாங்க. வேகமா."

வீட்டுக்கு வந்ததும் அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன். (பொய். மடித்து வைத்திருக்கிறேன். விலையெல்லாம் விசாரித்து எழுதியது.)

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

வீடியோ வாங்காதே என்று சொல்லப்போவதில்லை. ஆனால் முதலில் வாங்காதே. என் கதையைக் கேள். மூன்று வருஷமாக வீடியோவிலேயே பயின்றேன். டபுள் லிஃப்ட், எண்ணும்போதே ஒரு சீட்டை மறைக்கிற எல்ம்ஸ்லி கவுண்ட், எடுத்த சீட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுவருகிற கன்ட்ரோல் எல்லாம் அதில்தான் வந்தது. கூடவே சொல்லிக்கொடுத்தவரின் பேச்சும் வந்து ஒட்டிக்கொண்டது. மாமியார் முன்னால் கட்டை விரித்து "டச் எனி கார்டு" என்கிறேன், அதுவும் அமெரிக்க இழுவையோடு. "எந்தச் சீட்டு மாப்பிள்ளை?" என்று கேட்டார் பாவம். சரி, தமிழில் பேசலாம் என்று ஆரம்பித்தால் கை தடுமாறுகிறது! சீட்டைத் திருப்புகிற நொடி அந்த ஆளின் வாக்கியத்தில் ஒரு வார்த்தையோடு முடிச்சுப் போட்டிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது, என் கை அதற்குள் வேலையை முடித்துவிட்டு விழிக்கிறது. புத்தகத்தில் படித்துக் கற்றது எதிலும் இந்தத் தொல்லை இல்லை. அதில் விரல் எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் இருக்கிறது, குரல் இல்லை. குரலை நாம்தான் போட வேண்டும்.

அதனால், படித்து, ஒரு வாரம் கையில் உருட்டி, ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டால் அந்த ஓர் அசைவுக்கு மட்டும் வீடியோ பார். ஒலியை அடைத்துவிட்டுப் பார். வேகம் எவ்வளவு, கண் எங்கே போகிறது என்பது புத்தகத்தில் சுலபமாகப் பிடிபடாது, அதற்கு வீடியோதான். ஒற்றை வித்தையை விற்கிற விளம்பரப் படங்களை மட்டும் நம்பாதே. கேமரா ஒரே இடத்தில் நிற்கும். கல்யாண வீட்டில் உன் முதுகுக்குப் பின்னால் இரண்டு வாண்டுகள் நிற்கும்.

எர்ட்நேஸ் என்ற புனைபெயரில் வந்த பழைய சீட்டுப் புத்தகத்தைத்தான் படிக்க வேண்டும் என்று உனக்கு யாராவது சொல்லியிருப்பார்கள். 1902இல் வந்தது, எழுதியவர் உண்மையில் யார் என்று இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது முன்னுரைதான். பணம் தேவைப்படுவதால் எழுதுகிறேன் என்று பச்சையாகப் போட்டிருப்பார். சீட்டு வித்தை மேதை டாய் வெர்னான் சிறுவயதிலேயே அதைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் பெரும் பகுதி சூதாட்ட மேஜையில் கைவரிசை காட்டுவதற்கானது, நடையும் கரடுமுரடு. திருச்சியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கட்டின் அடியிலிருந்து சீட்டுப் போடப் பழகி என்ன செய்யப் போகிறார்? காப்புரிமை தீர்ந்த புத்தகம், இலவசமாகவே கிடைக்கும். அந்தக் காலத்து ஆள் ஒருவர் பேசுவதைக் கேட்பது போல ராத்திரி இரண்டு பக்கம் படி. கட்டைக் கையில் எடுக்காதே.

வெர்னான் என்றதும் இது ஞாபகம் வருகிறது. எந்த வித்தையையும் மூன்று தடவை காட்டினால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெரிய வித்தைக்காரர் ஹூடினி பீற்றிக்கொண்டிருந்தார். 1922இல் சிகாகோவில் வெர்னான் ஒரே வித்தையைத் திரும்பத் திரும்பக் காட்டினார். மேலிருந்து இரண்டாவதாகச் செருகிய சீட்டு மேலே வந்துகொண்டே இருந்தது. ஹூடினியால் முடியவில்லை. அவரை மடக்க ஒரு வித்தை போதுமாக இருந்தது. மாட்டுங்காவில் நான் ஒன்பது காட்டினேன்.

ராயல் ரோடுக்கு அடுத்த படி என்றால் ராபர்ட்டோ ஜியோபியின் கார்டு காலேஜ், ஐந்து பாகம். மனுஷர் சுவிட்சர்லாந்துக்காரர், முதலில் ஜெர்மனில் எழுதியது. ராயல் ரோடு எழுதிய ஹ்யூகார்டும் பிராவும் 1948இல் ஒரு பத்தியில் முடித்ததை இவர் நாலு பக்கத்துக்கு விரிப்பார். கட்டை விரல் எங்கே என்பதோடு விடமாட்டார், ஏன் அங்கே என்பதையும், அந்த நொடியில் எதிரில் இருப்பவர் எங்கே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் சொல்வார். நடுவாந்தரத்தில் நிற்கும் நமக்கு வேண்டியது அந்த 'ஏன்'தான். உனக்கு மூன்றாம் பாகத்திலிருந்து போதும், முதல் இரண்டில் பாதி உனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் பங்குனியில் எழுத நினைத்தேன்.

இப்போது அதைச் சொல்லவில்லை. காரணம் இருக்கிறது.

உன் கடிதத்தை நேற்று மறுபடி எடுத்துப் படித்தேன். ஓரத்தில், வேறு மையில், ஒரு வரி. "இடது கைச் சுண்டுவிரலும் மோதிர விரலும் அவ்வப்போது மரத்துப்போகிறது, வயசாகிறது." ஐந்து மாதத்துக்கு முன் நீ எழுதியது. நான் 34 புத்தகத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். பதில் எழுதியிருக்க வேண்டியது அந்த வரிக்குத்தான். மன்னித்துக்கொள்.

மருமகளிடம் கேட்டேன். அந்த இரண்டு விரலுக்கும் போகிற நரம்பு முழங்கையின் உட்புறமாக, எலும்பை ஒட்டி வருகிறதாம். இடித்தால் சுரீர் என்று மின்சாரம் பாயுமே, அந்த இடம். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, கையை மடக்கி வைத்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அது நசுங்குமாம். நீ எப்படி உட்கார்ந்து பயிற்சி செய்வாய் என்று எனக்குத் தெரியாதா? நாம் சேர்ந்து இருந்த 27ஆம் நம்பர் அறையில் மூன்று வருஷம் பார்த்தவன். கட்டுக்குள் சுண்டுவிரலைச் செருகி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சீலிங்கைப் பார்ப்பாயே. ஆனால் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். கழுத்திலிருந்தும் வரலாம், சர்க்கரையாலும் வரலாம். எனவே புத்தகக் கடைக்கு முன்னால் டாக்டர். இந்த வாரமே. அதுவரை மேஜையில் முழங்கையை ஊன்றாதே, கட்டையும் தொடாதே.

விரலுக்கு வேலை வைக்காத புத்தகமும் ஒன்று இருக்கிறது. அதே ஜியோபி எழுதிய கார்டு காலேஜ் லைட். 21 வித்தை, மூன்று மூன்றாகச் சேர்த்து ஏழு தொகுப்பு. கைவேகம் கேட்கிற வித்தை ஒன்றுகூடக் கிடையாது. பெயரைப் பார்த்து ஆரம்பக்காரர்களுக்கானது என்று வருஷக்கணக்கில் நான் தொடவே இல்லை. இப்போதுதான் தெரிகிறது, எனக்கு வேண்டியிருந்ததே அது. எதை முதலில் காட்டுவது, எதை அடுத்து, எங்கே நிறுத்துவது என்று கட்டிக்கொடுத்திருக்கிறார். மாட்டுங்காவில் எனக்கு நிறுத்தத் தெரியவில்லை, சேது.

கூடவே ஒரே ஒரு தனி வித்தை. பால் கர்ரி 1942இல் வெளியிட்டது, எதிரே இருப்பவர் சீட்டைப் பார்க்காமலே சிவப்பையும் கறுப்பையும் பிரித்துவிடுவார். நீ அநேகமாக எதையும் தொடவே வேண்டாம். அதற்கு நான் ஒரு பேச்சு யோசித்து வைத்திருக்கிறேன்: சிவப்பு பெண் வீடு, கறுப்பு மாப்பிள்ளை வீடு. பந்தியில் யாரை எந்தப் பக்கம் உட்காரவைப்பது என்று முகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் புரட்டினால் ஒருத்தர்கூட இடம் மாறி உட்காரவில்லை. எப்படி? நம்ம ஒட்டடையின் கல்யாணத்தில் பந்தியில் நடந்ததை அப்படியே செருகலாம், பெயரை மட்டும் மாற்று.

நானும் கையைவிட்டுத் தலைக்கு மாறியிருக்கிறேன். 52 சீட்டின் வரிசையையும் மனப்பாடம் செய்கிறேன், ஸ்பெயின் வித்தைக்காரர் தமாரிஸின் வரிசை. ஹார்பர் லைனில் செம்பூரிலிருந்து சி.எஸ்.எம்.டி. வரை எண்ணிப் பார்த்தேன், இரண்டு முனையையும் சேர்த்துச் சரியாக 13 ஸ்டேஷன்! ஒரு நடைக்கு 13 சீட்டு, போய்வரப் போய்வர நாலு நடையில் கட்டு முடிகிறது. குர்லாவில் கூட்டம் ஏறும்போது மூன்றாவது சீட்டு மறந்துவிடும், காட்டன் கிரீனில் எட்டாவது தானாக வரும். கட்டைக் கையில் எடுப்பதில்லை. ஒரு தடவை எடுத்தபோது, மடியில் பெட்டியை வைத்து ஆடுகிற கோஷ்டி என்னை மூணு சீட்டுக்காரன் மாதிரி பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுக்கிறேன். சஷ்டி கவசம் என்று நினைத்து ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

லைட் புத்தகம் என்னிடம் இருப்பதையே கூரியரில் அனுப்புகிறேன். ஃபவுண்டன் நடைபாதையில் வாங்கியது, முதல் பக்கத்தில் யாரோ குஜராத்தியில் கணக்கு எழுதியிருக்கிறார்கள், கண்டுகொள்ளாதே. மூன்றாம் தொகுப்பில் பென்சிலால் கிறுக்கியிருப்பது என் கைங்கரியம். அதோடு புதுக் கட்டு ஒன்றும் வருகிறது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை உறையைப் பிரிக்காதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய், டாக்டர் என்ன சொன்னார் என்பதை முதலில் சொல், மற்றது பிறகு.

தங்கச்சிக்கு என் அன்பு.

உன்,
கிச்சா

பி.கு. கட்டை எண்ணிப் பார்த்துவிட்டு கம்பெனிக்காரனைத் திட்டாதே. 51தான் இருக்கும். ஆட்டின் ஏழாம் சீட்டை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். குண்டுவைக் கூட்டிக்கொண்டு வா, தருகிறேன்.