பழைய வேட்டிகள் வேண்டும்

கும்பகோணம்,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

அன்புள்ள சந்தானம்,

இங்கு நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாகக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது உன்னால் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும்.

வித்யாவுக்கு ஐப்பசிக் கடைசியில் நாள் சொல்லியிருக்கிறார்கள். வளைகாப்பு முடிந்து இங்கே வந்துவிட்டாள். கூடவே கைப்பேசியில் ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. பெங்களூரில் அவளோடு வேலை பார்க்கும் பெண்கள் ஆளுக்கு நான்கு வரி சேர்த்து வளர்த்த பட்டியல். பால்புட்டியைக் கிருமி நீக்கும் மின்சாரப் பாத்திரம், ஈரத் துடைப்பான்களை வெதுவெதுப்பாக வைத்திருக்கும் பெட்டி, குழந்தை அழுதால் அடுத்த அறையில் ஒலிக்கும் கருவி என்று அது போய்க்கொண்டே இருக்கிறது. நம் வீட்டுக் கூடத்தில் குழந்தை அழுதால் கொல்லைக் கிணற்றடியில் இருப்பவருக்கும் கேட்கும் என்று சொன்னேன். "அப்பா, உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று பதில் வந்தது. மின்சாரச் சாமான்களைப் பற்றி உன்னைத்தான் சாட்சிக்கு இழுத்தேன்: 2018இல் கஜா அடித்தபோது மன்னார்குடிப் பக்கம் எப்படி இருட்டில் கிடந்தது என்பதையும், அடுப்பில் ஏற்றும் அலுமினியப் பாத்திரத்துக்கு எந்தப் புயலும் பொருட்டில்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன். அந்த ஒரு வரியை அடித்துவிட்டாள்.

கோமதியின் கட்சி வேறு. பிள்ளை பிறந்து கையில் வரும்வரை ஒரு முழம் புதுத்துணிகூட வாசற்படி தாண்டக் கூடாது என்கிறாள். திருக்கருகாவூரில் அம்மனிடம் வைத்துத் தரும் விளக்கெண்ணெய் ஒன்றுதான் அவள் சம்மதத்தோடு இதுவரை வாங்கப்பட்ட பொருள். வித்யா இதை மூடநம்பிக்கை என்று சொல்லிவிட, வீட்டில் ஒரு பொழுது முழுவதும் பேச்சில்லை. வித்யாவைத் தனியே அழைத்து, அம்மாவிடம் இந்த விஷயத்தில் வாதாட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். 1987இல் நம் வாசலுக்கு வந்த தொட்டிலை இறக்காமலே திருப்பி ஓட்டிக்கொண்டு போனவன் நீ. உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவளுக்கு அது தெரியாது. கோமதி சொன்னதில்லை, நானும் சொல்லப் போவதில்லை.

எனவே தீர்ப்பு என் தலையில் விழுந்தது. முதல் மாதத்துக்கு வேண்டியவற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, முன்பணம் கொடுத்து, கடையிலேயே கட்டி வைக்கச் சொல்வது. பிறந்த செய்தி வந்ததும் போய் எடுத்து வருவது. பெரிய கடைத்தெருவில் இதைத் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கடைக்காரர் சிரித்துக்கொண்டே மேல் தட்டைக் காட்டினார். சீட்டு ஒட்டிய பொட்டலங்கள் வரிசையாக இருந்தன. நம் ஊரில் பாதிப் பேர் கோமதியின் கட்சி போலிருக்கிறது.

எவை வேண்டும் என்பதற்கு எனக்கு வழி காட்டியது, நமக்குப் பால் கொண்டுவரும் அம்மாவின் மகள் பிரசவமாகி அரசு மருத்துவமனையிலிருந்து எடுத்துவந்த பெட்டி. 2015 முதல் தருகிறார்களே, அந்தப் பரிசுப் பெட்டகம்தான். துண்டு, சட்டை, சிறு படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று மொத்தம் 16 பொருள்கள். அரசாங்கக் காரியத்தை நான் இலேசில் பாராட்டுகிறவன் அல்லன் என்பதை நீ அறிவாய். ஆனால் இந்தப் பெட்டியை அடுக்கியவர் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

சட்டை பெரிதாக ஒன்றுமில்லை. முன்பக்கம் நாடா முடியும் ஜப்லா அரை டஜன் போதும். பிள்ளையின் எடை ஐந்தாம் மாத வாக்கில் இரட்டிப்பாகிவிடும் என்றால், பட்டுப் பாவாடை அளவுக்குச் செலவழித்த சட்டை யாருக்கு? கடைக்காரர் காட்டிய நடைவண்டியை வித்யாவே தள்ளிவிட்டாள். சக்கரம் வைத்த அந்த வகையைக் கனடாவில் 2004 முதல் விற்கவே கூடாதாம். கடுகுத் தலையணையில்தான் சண்டை மூண்டது. தலை உருண்டையாக வர அது வேண்டும் என்கிறாள் கோமதி. தலையணையே கூடாது, தட்டையான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதாக வித்யா சொல்கிறாள். நான் மருத்துவர் பக்கம் சாய்ந்தேன். தைத்து வைத்திருந்த உறையிலிருந்த கடுகைக் கோமதி என் கண்முன்னே அஞ்சறைப் பெட்டியில் கொட்டினாள். அதிலிருந்து தாளிப்பில் கடுகு தாராளமாகவே விழுகிறது.

இனி உன் பங்குக்கு வருகிறேன். என்னை இரவில் தூங்கவிடாத கவலை துணிதான், சந்தானம். பிள்ளை பிறப்பது ஐப்பசிக் கடைசியில். முதல் இரண்டு மாதமும் அடைமழைக்காலம். பால் போதுமான அளவு குடிக்கும் குழந்தை, முதல் வாரம் கடந்தால், நாளொன்றுக்கு ஆறு முறையாவது ஈரம் பண்ண வேண்டும் என்கிறார்கள். அது குறைந்தபட்சக் கணக்கு. மற்றதையும் விரிப்பையும் சேர்த்தால் நாளைக்குப் பதினைந்து துணி. கார்த்திகையில் திண்ணைக் கொடியில் போட்ட துணி காய இரண்டு நாள் ஆகும். ஆகவே மூன்று டஜனுக்குக் குறைந்து ஆகாது. இரவுக்கு மட்டும் ஒரு கட்டு டயாபர் வாங்கலாம் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். பகலுக்குத் துணிதான். கடையில் தந்த புது நாப்கினைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், விறைத்துக்கொண்டு நிற்கிறது. பல வருடம் துவைத்து, நூல் தேய்ந்து, கிழித்தால் ஓசையில்லாமல் பிரியும் பருத்தி எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைப்பதில்லை. என் வேட்டிகளெல்லாம் மாப்பிள்ளை வாங்கித் தந்த பாலியெஸ்டர் கலப்பு. கோமதி தன் மெல்லிய ‘வாயில்’ ரகப் பருத்திப் புடவைகளைத் தூளிக்கென்று எடுத்து வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரிந்து வேட்டியைத் தூக்கிப் போடாத ஒரே மனிதன் நீ. உன் எட்டு முழங்களுக்குப் போடும் கஞ்சிக்கு, அவை நீ இல்லாமலே நடந்துபோய்ச் சங்கத் தேர்தலில் வாக்களித்துவிட்டு வரும்; அவற்றை நான் கேட்கவில்லை. மாடிப் பெட்டியில் கிடக்கும் பழையனவற்றில் பத்து எடு. ஜரிகைக் கரை வேண்டாம், தோலைக் கீறும். நீலம் போட்டதும் வேண்டாம். கஞ்சி போகும்வரை வெந்நீரில் அலசி, அந்துருண்டை வாசனை இல்லாமல் வெயிலில் உலர்த்தி அனுப்பு; மழை தொடங்குமுன் செய். பழைய துணி என்பதால் கோமதிக்கும் ஆட்சேபணை இல்லை. நேரே வீட்டுக்கே வரலாம்.

மன்னார்குடியிலிருந்து யார் வந்தாலும் கொடுத்தனுப்பு. நீயே வந்தால் சுண்டி லேகியம் கிளறும் நாளாகப் பார்த்து வா. தாய்க்குப் போக மிஞ்சுவதில் உனக்கும் ஓர் உருண்டை.

அன்புடன்,
ராமு

பி.கு.: பெட்டியைத் திறக்குமுன் கற்பகத்திடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. சென்ற முறை திறந்தபோது நடந்தது எனக்கும் நினைவிருக்கிறது.